‘கூடை மண்’ நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரைக் களமாகக் கொண்டு நான் எழுதியிருக்கும் ‘கூடை மண்’ நாவலைப் படித்தவர்களும், படிக்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்களில் கதையின் முக்கியமான திருப்பங்கள் வெளிப்படுகின்றன. அத்தகைய கேள்விகளின் பக்கத்திலேயே அதைக் குறித்திருக்கிறேன்.

கதை எதைப் பற்றியது?

பெங்களூரில் மின்சாரம் அடியோடு நின்று மூன்று தலைமுறைகள் கழிந்த காலத்தில் கதை நடக்கிறது. எஞ்சியவர்களில் ஒரு கூட்டம் அல்சூர் ஏரியைச் சுற்றிக் குடியிருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் தக்கனி உருதுவும் கலந்து பேசும் அந்த மக்களின் தண்ணீரை ஏரிச் சங்கம் என்ற ஊர்ச்சபை நிர்வகிக்கிறது. கோடையில் ஏரி வற்றும்போது வயதுவந்த ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு கூடை வண்டலை அள்ளித் தலையில் சுமந்து கரையேற்ற வேண்டும் என்பதும், அப்படிச் சுமந்தவருக்கே அந்த ஆண்டு தண்ணீர்ப் பங்கு உண்டு என்பதும் சங்கத்தின் விதி. சிறுவயதில் வந்த போலியோவால் வலது கால் செயலிழந்து, காலைத் தாங்கும் எஃகுச் சட்டமான காலிப்பரும் ஊன்றுகோலுமாக நடக்கும் கஸ்தூரியால் கூடை சுமக்க இயலாது. அவளுடைய கூடையையும் சேர்த்து அவள் அண்ணன் சுமந்துவந்தான். அந்த அண்ணன் இறந்துபோன கோடையில் நாவல் தொடங்குகிறது.

உலகம் எப்படி அழிந்தது? போரா, நோயா?

மின்சாரம் ஏன் நின்றது என்பதை நாவல் சொல்வதில்லை. கதைமாந்தருக்கே அது தெரியாது. பெங்களூரைப் பொறுத்தவரை காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான் என்பதால் நானும் அதைத் தேடிப் போகவில்லை.

இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேட்டுநிலத்தின் முதுகில் அமைந்திருக்கிறது. பெரிய ஆறு எதுவும் இதைத் தொட்டு ஓடவில்லை. பல நூற்றாண்டுகளாக மழைநீரைத் தேக்கிய ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருந்த ஊருக்கு, 1890களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933இல் அதே ஆற்றின் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974 முதல் காவிரியிலிருந்தும் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியது. காவிரி நீரைத் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, மூன்று இடங்களில் பம்பு வைத்து மேலேற்றி, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் தருவதற்காக அமைக்கப்பட்டது. இவ்வளவு தண்ணீரும் பம்பு ஓடும்வரைதான் ஊருக்குள் ஏறும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரியை எதிர்பார்த்துத் தெருவெங்கும் குடங்கள் காத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏரிகளின் நிலை இதைவிட விநோதமானது. முற்காலத்தில் கோடையில் வற்றிய பல ஏரிகள் இன்று ஆண்டு முழுவதும் நிரம்பியிருப்பதற்கு மழை காரணமில்லை. வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரே காரணம். காவிரியிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் வந்த தண்ணீரே கழிவுநீராகி ஏரிக்குப் போகிறது. பம்பு நின்றால் குழாய் வறளும். குழாய் வறண்டால் சாக்கடை வறளும். சாக்கடை வறண்டால் ஏரி மழையையே நம்பிய பழைய ஏரியாகிக் கோடையில் தரை காட்டும். தரை தெரிந்தால்தான் தூர் வார முடியும். என் கதையின் கூடை விதி இந்த வறட்சியிலிருந்தே முளைத்தது.

மழைக்காலத்தில் இதன் மறுபக்கம் தெரிகிறது. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின் படுகையிலும், கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் படுகையிலும் கட்டப்பட்டவை. நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த இரண்டு ஏரிகளும் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

இதில் மிகுபுனைவு எங்கே இருக்கிறது?

இரண்டே இடங்களில். முதலாவது, ஏரி தன் ஆட்களை அறியும். ஏரி அறியாத ஒருவர் குடத்தை எத்தனை முறை அமிழ்த்தி எடுத்தாலும் அது வெறுமையாகவே மேலே வரும். சுமந்த கூடையை வைத்தே ஏரி ஆளை அறிகிறது என்று ஊரார் நம்புகிறார்கள்.

இரண்டாவது, நுரை. சோப்புத்தூளின் பாஸ்பேட்டும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் கலந்த பெள்ளந்தூர் ஏரி, உபரிநீர் வழிந்து விழும் இடத்தில் வெண்ணுரையாகப் பொங்கிச் சாலையில் வழிந்ததையும், 2015 மே மாதத்தில் அந்த நுரையே தீப்பற்றி எரிந்ததையும், 2018 ஜனவரியில் ஏரிப்பரப்பில் பிடித்த தீயை அணைக்க ராணுவம் வரவேண்டியிருந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். கதை நடக்கும் காலத்தில் சோப்புத்தூள் கிடையாது. ஆனால் ஏரியின் அடிச்சேற்றில் தேங்கிய பாஸ்பரஸ், கழிவு வருவது நின்ற பிறகும் நெடுங்காலம் நீரில் கசிந்துகொண்டே இருக்கும். அந்த உண்மையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் முதல் மழையன்று நுரை எழுந்து, யாரும் அழாமல் இறந்துபோனவர்களின் உருவத்தில் கரையோரம் நடக்கும் என்று எழுதினேன். நுரை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. தன்னை அடையாளம் கண்டு ஒருவர் பெயர் சொல்லும்வரை அது கரையை விட்டு இறங்குவதில்லை.

கூடை சுமக்காத கஸ்தூரியை ஏரி அறிகிறதா? (கதைத் திருப்பம் வெளிப்படும்)

அறிகிறது. அண்ணன் இறந்த பிறகு, பங்கு மறுக்கப்பட்ட நிலையில், ஒரு விடியற்காலையில் யாருமில்லாத துறையில் அவள் குடத்தை அமிழ்த்துகிறாள். குடம் நிறைந்துவிடுகிறது. கூடை விதியைப் போட்டது சங்கம்; ஏரி அதைக் கேட்கவே இல்லை. கொக்கையும் தவளையையும் நாணலையும் எப்படி அறிகிறதோ, தன் நீரைக் குடித்து வாழும் எல்லோரையும் அப்படியே அது அறிந்திருக்கிறது.

நாவலின் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தான் கண்டதை அவள் சொல்லிவிட்டால் ஊரார் கூடை சுமப்பதை நிறுத்திவிடக்கூடும். சுமப்பது நின்றால் வண்டல் ஏறி ஏரி மேடாகிவிடும். சொல்லாவிட்டால் அவளைப் போன்றவர்கள் என்றென்றும் பிறர் தயவில் தண்ணீர் குடிக்க வேண்டும். ஓர் ஆண்டு முழுவதும் அவள் இந்த உண்மையைத் தனியாகச் சுமக்கிறாள். பிறகு சங்கத்தின் முன் சொல்கிறாள். அடுத்த கோடையில் பாதிப் பேர் மண் சுமக்க வருவதில்லை, மதகு அடைத்துக்கொள்கிறது. அந்தக் கோடையை நான் மூன்று அத்தியாயங்களாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் ஒருவர் ஓரிடத்தைச் சேர்ந்தவர் என்பதையும், அந்த இடத்துக்காக உழைக்க வேண்டும் என்பதையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டால் அறுபடுபவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, அதன் பிறகும் உழைப்பு நடக்குமா என்று பார்க்க விரும்பினேன். நடக்கிறது, தாமதமாகவும், குறைவாகவும், சண்டையோடும்.

இன்றைய நடைமுறையும் எழுதும்போது மனத்தில் இருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைகளையே ஏற்றிருந்தது என்பதால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் இடஒதுக்கீடு உள்ளிட்ட பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்ற எல்லை இருக்கிறது. வராண்டாவில் காத்திருந்து, உடலை அளக்கக் கொடுத்து, விழுக்காட்டைச் சான்றிதழில் எழுதி வாங்கியவர்களுக்குச் சங்கம் கஸ்தூரியை விசாரிக்கும் காட்சி புதிதாக இருக்காது.

பெங்களூரில் நடக்கும் கதையைத் தமிழில் ஏன் எழுத வேண்டும்?

இந்த ஊரில் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கிறோம். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், நீலசந்திரா என்று தெருத்தெருவாக இருக்கிறோம். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினை கலவரமாக வெடித்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனவர்களும், கன்னடம் பேசும் அண்டைவீட்டாரால் காப்பாற்றப்பட்டவர்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அல்சூர் ஏரியருகே நிற்கும் திருவள்ளுவர் சிலை அதே ஆண்டிலிருந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நாவலில் ஏரிச் சங்கம் கூடுவது திருவள்ளுவர் சிலையின் பீடத்தடியில்தான். நீ இந்த ஊர்தானா என்ற கேள்வி எங்களுக்கு வெளியிலிருந்து வந்த காலமும் உண்டு. அதே கேள்வியை நாங்களே எங்களுக்குள் ஒருவரிடம் கேட்பதும் உண்டு. கஸ்தூரியிடம் அதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே.

இந்தியாவில் ஒழிந்துவிட்ட போலியோவை ஏன் கதைக்குள் கொண்டுவந்தீர்கள்?

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் ஏற்பட்ட கடைசிப் பாதிப்பு மேற்கு வங்கத்தின் ஹவுராவில் 2011 ஜனவரி 13 அன்று பதிவானது. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது. வீடு வீடாகச் சொட்டு மருந்து கொண்டுபோன லட்சக்கணக்கான பணியாளர்களின் உழைப்பால் வந்த வெற்றி அது. வைரஸ் உலகத்தை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்றும் பரவுகிறது. சொட்டு மருந்தைக் குளிர் மாறாமல் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், மின்சாரம் இல்லாத உலகில் முதலில் அறுந்துபோகும் சங்கிலிகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு காரணம் கதையின் உள்ளே இருக்கிறது. போலியோ வைரஸ் மலத்தோடு வெளியேறி, நீரிலும் உணவிலும் கலந்து அடுத்தவர் உடலுக்குள் போகிறது. தொற்றியவர்களில் 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே மீளாத பக்கவாதம் வருகிறது. கஸ்தூரிக்கு அது ஏரித் தண்ணீரிலிருந்து வந்தது. அவளைத் தன் ஆளாக அறிந்த ஏரிதான் அவளுடைய காலையும் எடுத்துக்கொண்டது. இயற்கையை அன்னை என்று மட்டும் பாடி முடித்துவிடும் கதையை என்னால் எழுத முடியவில்லை. அவள் ஏரியிடம் கோபப்படும் அத்தியாயம் எனக்கு மிகவும் வேண்டியது.

இறுதியில் அவள் குணமாகிறாளா? (கதைத் திருப்பம் வெளிப்படும்)

இல்லை. மந்திரத்தாலோ மூலிகையாலோ ஏரியின் அருளாலோ அவள் எழுந்து நடப்பதில்லை. கடைசிப் பக்கத்திலும் காலிப்பரோடுதான் இருக்கிறாள். பல ஆண்டுகள் தாங்கிய பிறகு போலியோ பாதித்த உடலில் புதிய பலவீனம் தோன்றுவது மருத்துவம் அறிந்த செய்தி. முதுமையில் கஸ்தூரிக்கும் அது வருகிறது. அப்போது அவள் இரண்டாவது ஊன்றுகோலை எடுத்துக்கொள்கிறாள்.

நிலமும் குணமாவதில்லை. மனிதர்கள் ஒழிந்தால் சில பத்தாண்டுகளில் பூமி பழைய சோலையாகிவிடும் என்ற கற்பனை நமக்கு ஆறுதல் தருகிறது. பெள்ளந்தூரின் அடிச்சேற்றில் படிந்த கன உலோகங்கள் அவ்வளவு விரைவில் எங்கும் போய்விடுவதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து, நடுங்கும் துயரத்தைத் தந்து, பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். அந்தப் பாலையிலும் எயினர் வாழ்ந்தார்கள். அங்கும் கொற்றவையின் முன் கூத்து நடந்தது. குறிஞ்சியாகத் திரும்பும் நாளுக்காக அவர்கள் காத்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லவில்லை. திரிந்த நிலத்தில், திரிந்தபடியே, இன்று என்ன விளையும், எந்த மீனை உண்ணலாம், எந்தத் துறையில் குழந்தைகளை இறக்கக்கூடாது என்று அறிந்து வாழ்வதையே நாவல் முழுவதும் எழுதினேன். நிலத்துக்கு ஒரு நியாயம், உடலுக்கு வேறொரு நியாயம் என்று என்னால் வைக்க முடியவில்லை.

பேரழிவு வந்தால் மாற்றுத்திறனாளிகள்தானே முதலில் இறப்பார்கள்? கஸ்தூரி பிழைத்திருப்பது நம்பும்படியாக இல்லையே?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். அக்கறையோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கசப்பான பகுதியை மறைக்கக்கூடாது. 2011 மார்ச்சில் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி தாக்கியபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஒலிபெருக்கியில் மட்டும் தரப்படும் எச்சரிக்கை காது கேளாதவரை எட்டாது. படிக்கட்டால் மட்டும் ஏறக்கூடிய மேடு சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேடே ஆகாது. 2020 ஊரடங்கில் உதவியாளர் வர வழியில்லாமல், படுக்கையிலிருந்து எழுப்பிவிட ஆளின்றிக் கிடந்தவர்களை நான் அறிவேன். இவற்றில் உடலின் பங்கு எவ்வளவு, ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ‘முதலில் இறப்பார்கள்’ என்று சொல்லிவிடுவது, முன்கூட்டியே கைகழுவுவதில் போய் முடியும்.

ஏற்பாட்டால் காப்பாற்ற முடியாதவர்களும் உண்டு. இன்சுலின் 1921இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். திறக்காத மருந்துப் புட்டியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். மண்பானைக்குள் வைத்துச் சில வாரங்களோ சில மாதங்களோ சமாளிக்கலாம். தயாரிப்பே நின்றுவிட்டால் அதற்கு மேல் வழியில்லை. என் கதையின் உலகில் அவர்கள் முதல் ஆண்டைக் கடக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மதகு திறக்கும் முன் அவர்களுடைய பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலை எழுதிய நாட்களில் வேறெதுவும் எழுத முடியவில்லை.

ஆனால் பலவீனரைத் தாங்குவது மின்சாரமும் மருத்துவமனையும் வந்த பிறகு தோன்றிய வசதி என்பது உண்மையில்லை. ஈராக்கின் ஷானிடார் குகையில் 1957இல் ஒரு நியாண்டர்தால் மனிதரின் எலும்புக்கூடு கிடைத்தது. அவருடைய வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லாமல் போயிருந்தது; இடது கண்ணருகே எலும்பு நொறுங்கி ஆறியிருந்தது; காதுத் துளைகளில் வளர்ந்த எலும்பால் கேட்கும் திறனையும் அவர் பெரிதும் இழந்திருக்க வேண்டும். இத்தனை காயங்களுக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து, அக்காலத்துக்கு முதுமை என்றே சொல்லக்கூடிய வயதில் இறந்தார். வட வியட்நாமின் மான் பாக் என்ற இடத்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறையில், வளரிளம் பருவத்திலேயே உடல் செயலிழந்துபோன ஓர் இளைஞரின் எலும்புகள் கிடைத்தன. அதன் பிறகு அவர் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அப்படியென்றால் யாரோ அவருக்கு ஊட்டியிருக்கிறார்கள், கழுவிவிட்டிருக்கிறார்கள், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். உலோகக் கருவிகள்கூட இல்லாத, மீன் பிடித்தும் வேட்டையாடியும் பிழைத்த கூட்டம் அது. அவர்களால் இயன்றது, இரும்பும் எழுத்தும் நினைவும் மிச்சமிருக்கிற என் அல்சூர்வாசிகளால் ஏன் இயலாது என்று நானும் கேட்கலாம் அல்லவா?

கஸ்தூரிக்கு மாய ஆற்றல் ஏதேனும் உண்டா?

கிடையாது. ஊன்றுகோல் நிலத்தடி நீரைக் காட்டுவதில்லை. அவளுக்குத் தெரிந்தவை எல்லாம் அவள் கற்றவை.

அவள் இறுதியில் மதகு காப்பவள் ஆகிறாளே? பயன்பட்டால்தான் மதிப்பு என்று நாவலும் ஒப்புக்கொள்கிறதா? (கதைத் திருப்பம் வெளிப்படும்)

சரியான இடத்தில் கைவைத்த கேள்வி. கர்நாடகத்தின் ஏரிப்பாசன ஊர்களில் மதகைத் திறந்து மூடி, வயல்களுக்கு முறைவைத்து நீர் பிரிப்பவருக்கு நீருகண்டி என்று பெயர். நாவலில் அந்தப் பணியைச் செய்யும் கன்னட முதியவரை எல்லோரையும் போல கஸ்தூரியும் ‘அஜ்ஜா’ என்றே அழைக்கிறாள். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு அவளுக்கு வருகிறது. கதை அவளோடு நின்றிருந்தால் இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. அதனால்தான் முனி இருக்கிறான்.

முனிக்கு இருபது வயது. பேச்சு இல்லை, தானாக உண்ணவோ உடுத்தவோ தெரியாது, மாதத்தில் சில இரவுகள் வலிப்பு வரும். அவன் எந்த வேலையும் செய்வதில்லை. கதையின் முடிவிலும் எந்த ரகசியத்தையும் வெளிப்படுத்துவதில்லை, யாரையும் காப்பாற்றுவதில்லை. அவன் கையைப் பிடித்துக் குடத்தை அமிழ்த்தினால் அதுவும் நிறைகிறது. சங்கத்தில் கஸ்தூரி பேசும்போது தன்னைச் சான்றாகக் காட்டுவதில்லை. முனியின் குடத்தைத்தான் காட்டுகிறாள்.

நம் மரபில் இரட்டைப் புலவர்களை எல்லோரும் அறிவோம். இளஞ்சூரியர், முதுசூரியர் இருவரில் ஒருவருக்குப் பார்வையில்லை, மற்றவருக்கு நடக்க இயலாது. நடக்க இயலாதவர் பார்வையற்றவரின் தோளில் அமர்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ஒருவர் பாட்டின் முதல் இரண்டு அடிகளைத் தொடங்க மற்றவர் முடிப்பார் என்பார்கள். சிறுவயதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இருந்தாலும், இரண்டு குறைகளைச் சேர்த்து ஒரு நிறைவு காட்டிவிடுவதால்தான் அது கேட்பவர்களுக்கு இவ்வளவு நிம்மதி தருகிறதோ என்று பின்னாளில் தோன்றியது. கஸ்தூரியையும் முனியையும் அப்படிக் கூட்டிப் பார்க்க முடியாது. அவன் அவளுக்கு எதையும் ஈடுசெய்வதில்லை. சில நாட்கள் அவனோடு இருப்பது அவளுக்குச் சலிப்பூட்டுகிறது; அதையும் எழுதியிருக்கிறேன்.

நாவலில் வரும் மரங்களும் விலங்குகளும் உண்மையில் இங்கே உள்ளவையா?

அனைத்தும் உள்ளவை. தேவாங்கு பெங்களூரின் பழைய தோப்புகளில் இன்றும் வாழ்கிறது. கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் ஏரிகளுக்கு வருகின்றன. பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஓசூர், தளி பக்கம் இறங்குவதும் வழக்கமே. கேதோஹள்ளியில் ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரவி நிற்கும் பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு நோயால் பட்டுப்போய்விட்டது. விழுதுகளின் மேல் மரம் வாழ்கிறது. கஸ்தூரி பலநாள் நடந்து அங்கே போகும் பகுதியை நீளமாக எழுதியிருக்கிறேன்.

நிழல் தரும் தூங்குமூஞ்சி மரமும், ஊதாப் பூச்சொரியும் ஜக்கரண்டாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்கும்படி சாலைகளில் இவற்றை நட்டுவைத்த தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பிகெல் ஜெர்மானியர். ஏரியை மூடும் ஆகாயத்தாமரையும், உள்ளூர் மீன்களை விழுங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்கூட வெளியிலிருந்து வந்தவையே. வந்தவை எல்லாம் ஒன்றில்லை. கெளுத்தி பெருகிய ஏரியில் மற்ற மீன்கள் குறைகின்றன. நாவலில் கெளுத்தியைப் பிடித்துத் தின்று கட்டுப்படுத்துகிறார்கள், தூங்குமூஞ்சியின் அடியில் திருமணம் நடத்துகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, இங்கே என்ன செய்கிறது என்று கேட்பது அவர்களுக்கு உதவுகிறது.

காலிப்பர், ஊன்றுகோல் பற்றிய விவரங்கள் இவ்வளவு நுட்பமாக எப்படி வந்தன?

நானும் கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்த ஆள். காலிப்பரில் முழங்காலின் இரு பக்கமும் எஃகுக் கம்பிகள் ஓடும். ஒவ்வொரு கம்பியிலும் மூட்டுக்கு நேரே ஒரு வளையம் இருக்கும். எழுந்து நின்றதும் வளையம் தன் எடையால் இறங்கி மூட்டைப் பூட்டும். உட்காரும் முன் இரண்டு வளையங்களையும் விரலால் தூக்கிவிட வேண்டும். மணல் புகுந்தால் வளையம் சிக்கிக்கொள்ளும். அப்போது காலை நீட்டியபடியேதான் உட்கார முடியும். ஏரிப்படுகையின் வண்டலில் கஸ்தூரிக்கு நேர்வது இதுதான். தோல்பட்டை ஈரத்தில் அழுகும் என்பதால், அவளுக்குக் காலிப்பர் செய்துதரும் ரஹ்மத் பாய் லாரி டியூபை வெட்டிப் பட்டையாக்குகிறார்; கம்பிக்குப் பேருந்தின் பட்டைவில்லைத் தீயில் காய்ச்சி அடித்து மெலிதாக்குகிறார். சேற்றில் புதையாமல் இருக்க, ஊன்றுகோலின் அடியில் டயரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டிய ரப்பரைப் பொருத்துகிறார். பாய் அதைக் கட்டிமுடித்ததும் தானே ஊன்றிப் பார்த்து, இரண்டு அடி நடந்து, பிறகுதான் அவளிடம் தருகிறார்.

பார்வையற்றவர்கள் படிக்க வசதி உண்டா?

மின்னூல் முழுவதும் யூனிகோட் எழுத்தில் இருப்பதால் திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கும். அத்தியாயத் தலைப்புகளுக்கு இடையே தாவிச் செல்லலாம். வரைபடத்துக்குச் சொற்களால் ஆன விளக்கம் இணைத்திருக்கிறேன்.

பள்ளி மாணவர்கள் படிக்கலாமா?

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கலாம். பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும் அத்தியாயத்தின்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

அடுத்த பாகம் உண்டா? எங்கே நடக்கும்?

உண்டு, எழுதிக்கொண்டிருக்கிறேன். அல்சூர் ஏரி நிறைந்து வழியும் நீர் பெள்ளந்தூருக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூருக்கும், பிறகு தட்சிண பினாகினி ஆற்றுக்கும் சேர்கிறது. அந்த ஆறுதான் எல்லை தாண்டியதும் தென்பெண்ணை. ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடலில் கலக்கிறது. பெங்களூரின் கழிவு இன்று கெலவரப்பள்ளி மதகுகளில் நுரையாக வழிவதை அந்தப் பக்கத்து விவசாயிகள் நன்கு அறிவார்கள். முதல் பாகத்தில் அல்சூர்வாசிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி ஒருமுறைகூட யோசிப்பதில்லை. இரண்டாம் பாகத்தில், கெலவரப்பள்ளிக் கரையிலிருந்து ஒரு குடும்பம் ஆற்றோரமாக மேலேறி வந்து, பிறவியிலேயே காது கேளாத மகளோடு கஸ்தூரியின் மதகருகே நிற்கிறது. மதகு யாருடையது என்று அந்தப் பெண் கைச்சைகையில் கேட்கிறாள். கஸ்தூரிக்கு அந்தச் சைகை புரிவதில்லை. இருவரும் பேசிக்கொள்வதற்கான சைகைகளை உருவாக்கிக்கொள்வதிலேயே முதல் ஐந்து அத்தியாயங்கள் செல்கின்றன.